கீமோ நடக்கேக்க அம்மா நடக்கலாமோ?

ஆச்சிமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், எழுதிறது இதுதான் முதல் தரம்.

அம்மாவுக்கு 58 வயசு. இடப்பக்க மார்பில புற்றுநோய். ஒப்பரேசன் முடிஞ்சுது, கமக்கட்டில இருந்த நெறிக்கட்டியளும் எடுத்தாச்சு. இப்ப மூண்டு கிழமைக்கு ஒருக்கா கீமோ ஏறுது, பாதி தாண்டியிட்டம். போன கிளினிக்கில டொக்டர், "ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடவுங்கோ அம்மா, படுத்தே கிடக்காதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டார். எவ்வளவு, எப்ப, எப்பிடி எண்டு கேக்க எங்களுக்கும் வாய் வரேல்லை. பின்னால வாங்கு நிறையச் சனம்.

வீட்டில இப்ப இதுதான் சண்டை. அப்பா அவவைக் கட்டிலை விட்டு இறங்க விடுறாரில்லை. தேத்தண்ணி கட்டிலுக்கு, சாப்பாடு கட்டிலுக்கு. கொழும்பில இருந்து சித்தி ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "அக்காவை அலைக்கழியாதேங்கோ, இருக்கிற சத்தும் போயிடும்" எண்டு அழுறா. பாக்க வாற அயலட்டை எல்லாம் "நல்லா றெஸ்ற் எடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போகினம்.

அம்மா விடிய நாலரைக்கே எழும்பி முத்தம் கூட்டுற மனுசி. இப்ப குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறா. களைப்பு எண்டு படுக்கிறா. படுத்து எழும்பினால் இன்னும் களைப்பு எண்டுறா.

மருந்து ஏறிக்கொண்டிருக்கேக்க நடக்கிறது சரியோ? ஆராவது செய்தனீங்களோ? எவ்வளவு நேரம், எந்த இடம்? எங்கட வீடு கொக்குவில் பக்கம்.

இன்னொண்டு. அம்மா நல்லூருக்கு நேத்தி வைச்சிருக்கிறா, இந்த முறை கொடியேறினால் அடி அழிக்கிறதெண்டு, அதுதான் ஒவ்வொரு அடிக்கும் விழுந்து கும்பிட்டு எழும்பிறது. அதைப் பற்றியும் சொல்லுங்கோ. அவவோட கதைச்சு வெல்ல என்னால ஏலாது.

---

சுன்னாகத்தான் எழுதியது:

தங்கச்சி, கோவிக்காதேங்கோ, அப்பா செய்யிறதுதான் சரி. என்ர பெரியம்மாவுக்குக் கீமோ ஏத்தேக்க நாங்கள் ஒரு துரும்பு தூக்க விடேல்லை. கீமோ எண்டுறது நஞ்சு. கெட்ட கலத்தோட நல்ல கலத்தையும் சேத்துத்தான் அடிக்குது. அப்பிடி அடிபட்ட உடம்பை ரோட்டில இறக்கிறது எந்த ஊர் நியாயம்?

வெளிநாட்டுக்காரன் ஜிம்முக்குப் போறான் எண்டால் அவன் சாப்பிடுறது வேற, அவன்ர வெய்யில் வேற. முதல்ல முட்டை, மீன், ஆட்டுக்கால் சூப் எண்டு குடுத்து ஆளைத் தேத்துங்கோ. நடையைப் பேந்து பாப்பம்.

---

வடமராட்சிப் பிசியோ எழுதியது:

ஆச்சிமகள், நான் பிசியோதெரபிஸ்ற். புற்றுநோய் வாட்டிலயும் வேலை செய்திருக்கிறன். உங்கட அம்மாவின்ர ரிப்போட்டை நான் பாக்கேல்லை எண்டதை மனசில வைச்சுக்கொண்டு வாசியுங்கோ.

முதல்ல அந்தக் களைப்பு. நீங்கள் எழுதினதிலயே விசயம் இருக்கு: படுத்து எழும்பினால் இன்னும் களைப்பு. தோட்டத்தில கொத்திப்போட்டு வாற களைப்பு நித்திரை கொண்டால் போகும். புற்றுநோயோட வாற களைப்பு அப்பிடிப் போகாது. நோய், மருந்து, ரத்தம் குறையிறது, கவலை, நித்திரைக் குழப்பம் எல்லாம் சேந்து வாறது அது. அதுக்கு மேல நாங்கள் ஆளைப் படுக்கப் போட்டால் தசை கரையுது, இருதயமும் நுரையீரலும் பழக்கம் விட்டுப் போகுது. அதுக்குப் பிறகு குளியலறைக்குப் போறதே பெரிய வேலையாத் தெரியும். வேலை பெரிசாத் தெரியிறதால இன்னும் படுக்கினம். இப்பிடியே சுத்திச் சுத்தி இறங்கும். வீட்டுக்காரர் அன்பிலதான் செய்யினம், ஆனால் அந்த அன்பாலயே ஆள் கட்டிலோட ஒட்டிப் போறதை நான் கனக்கப் பாத்திட்டன்.

இது என்ர அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்கன் கொலிஜ் ஒவ் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2018இல பல நாட்டு நிபுணர்களைக் கூட்டி, அதுவரை வந்த ஆய்வுகளை அலசி 2019இல ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. கிழமைக்கு 3 தரம், தரத்துக்கு 30 நிமிசம், நடுத்தர வேகத்தில நடை மாதிரி ஒண்டு. அதோட கிழமைக்கு 2 தரம் தசைக்கான பயிற்சி. 8 தொடக்கம் 12 கிழமை விடாமல் செய்தால் களைப்பு, பதட்டம், மனச்சோர்வு குறையுது, நாளாந்த வேலை செய்யிற பெலன் கூடுது எண்டதுக்கு வலுவான சான்று இருக்கெண்டு அதில சொல்லியிருக்கு. குணப்படுத்திற நோக்கத்தோட சிகிச்சை நடக்கிற ஆக்களுக்கு அந்தச் சிகிச்சைக் காலத்திலயே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேணும் எண்டு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2022இல எழுதிச்சுது. "பேந்து பாப்பம்" எண்டு தள்ளிப்போட வேண்டாம் எண்டதுதான் அதின்ர அர்த்தம்.

நடுத்தர வேகம் எண்டால் என்ன? மெசின் ஒண்டும் வேண்டாம். நடக்கேக்க பக்கத்து ஆளோட கதைக்க ஏலும், ஆனால் தேவாரம் பாட மூச்சுக் காணாது. அதுதான் அளவு. கதைக்கவே மூச்சு வாங்கினால் வேகம் கூடிப்போச்சு. முழுத் தேவாரமும் பாடி முடிக்க ஏலுமெண்டால் இன்னும் கொஞ்சம் எட்டி வைக்கலாம்.

உங்கட அம்மா இப்ப இருக்கிற நிலையில 30 நிமிசத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விறாந்தையில ஐஞ்சு நிமிசம், ஒரு நாளில மூண்டு தரம். அது சுகமா வந்தால் சில நாளுக்கு ஒருக்கா ஒரு நிமிசம், ரண்டு நிமிசம் கூட்டுங்கோ. மருந்து ஏறின முதல் சில நாள் பாதியாக் குறையுங்கோ, ஆனால் முழுசா விடாதேங்கோ. தசைக்கு, கைப்பிடி இல்லாத குசினிக் கதிரையில இருந்து கையை ஊண்டாமல் எழும்பி இருக்கிறது. பத்துத் தரம் ஏலாட்டில் நாலு தரம். சுவரைப் பிடிச்சுக்கொண்டு குதியைத் தூக்கிறது. ஒப்பரேசன் செய்த பக்கத்துக் கையை சுவரில வைச்சு விரலால படி ஏறுற மாதிரி மேல கொண்டு போறது. நேற்றுத் தொட்ட இடத்தில பென்சிலால ஒரு கோடு போட்டு வையுங்கோ.

இனி, நடக்கக் கூடாத நாள்கள். காய்ச்சல் 38 பாகை, அதாவது 100.4 தாண்டினால் நடை என்ன, வீட்டிலயே இருக்கக் கூடாது, உடன ஆசுப்பத்திரி. அனேகமான கீமோவில மருந்து ஏறி 7 தொடக்கம் 14 நாளுக்குள்ள, ரத்தத்தில கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளை அணு அடிமட்டத்துக்கு வரும், அந்த நாளில வாற காய்ச்சலைப் பனடோல் போட்டு மறைக்காதேங்கோ. நெஞ்சு நோ, தலைச்சுத்து, புதுசா வாற மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி நோகிறது, நிக்காத சத்தி, வயித்தோட்டம், காரணமில்லாமல் கண்டல் விழுறது, முரசால ரத்தம் கசியிறது, இதுகளில ஒண்டு இருந்தாலும் அண்டைக்கு நடை இல்லை. ஆசுப்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ.

சுன்னாகத்தான் அண்ணை, உங்கட முட்டையும் மீனும் சரிதான். தசை கட்டப் புரதம் வேணும். ஆனால் சும்மா படுத்திருக்கிற ஆளுக்கு எவ்வளவு புரதம் குடுத்தாலும் தசை கட்டுறது கஸ்ரம். சாப்பாடும் அசைவும் சேந்துதான் வேலை செய்யும்.

---

சுன்னாகத்தான் எழுதியது:

பிசியோ சொல்லுறதை மறுக்கேல்லை. ஆனால் "ஐஞ்சு நிமிசம் விறாந்தையில" எண்டதுக்கும் "உடற்பயிற்சி" எண்டு சனம் விளங்குறதுக்கும் கனக்க வித்தியாசம் இருக்கு. யூரியூப்பில ஒருத்தன் புற்றுநோய்க்கு ஓடு எண்டு சொல்லுவான், இவையள் ஓடப் போவினம். அதுக்குத்தான் பயம்.

---

மட்டுவில் மாஸ்டர் எழுதியது:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். வாய்ப் புற்றுநோய் வந்து தப்பியவன். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் எனக்கு இளவயதிலிருந்தே இருந்தது. இலங்கையில் ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னணியில் நிற்கிறது என்பதை எத்தனையோ தடவை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சொல்லி முடித்து ஸ்ராவ் றூமுக்குப் போய் ஒரு வாய் போட்டிருக்கிறேன். அது கிடக்கட்டும்.

இங்கே எல்லோரும் நடையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்கு உடற்பயிற்சி என்றால் வாயும் தோளுந்தான். எனக்குக் கன்னத்தில் சத்திரசிகிச்சை, கழுத்தில் நெறிக்கட்டிகள் எடுத்தார்கள், பிறகு கரண்ட் பிடித்தார்கள், அதாவது கதிர்ச் சிகிச்சை. கழுத்துச் சிகிச்சையில் தோளைத் தூக்குகிற நரம்பு நொந்து போனால் அந்தப் பக்கத் தோள் தொங்கிவிடும். மேற்சட்டையின் இரண்டாவது கையைப் போடுவதற்கு மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. கரும்பலகையின் மேல் மூலையில் திகதி எழுதிய கை, தலை வாரவே உயரவில்லை.

வாய் அதைவிட மோசம். கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு தாடைத் தசை இறுகிக்கொண்டே வரும். சுகமான ஒருவர் தன் மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் நேராக வைக்கலாம், நீங்களும் வைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு விரல்கூடச் சிரமத்தோடுதான் போனது. பல் துலக்கும் பிறஷ் போகாது, இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துத்தான் தள்ள வேண்டும்.

எனக்குச் சொல்லித் தந்த பயிற்சி இதுதான்: ஐஸ்கிறீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். பிறகு நடுவில் இன்னொரு குச்சியை மெல்லச் செருக வேண்டும். கண்ணீர் வரும். செருகியது செருகியதுதான், அன்றைக்கு வாய் அந்த ஒரு குச்சியளவு கூடத் திறந்திருக்கிறது. குச்சிகளைக் கழுவிக் காயவைத்து ஒரு ரின்னுக்குள் போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்க எனக்கு நல்ல சாட்டு.

கதிர்ச் சிகிச்சையின் இறுக்கம் சிகிச்சையோடு முடிவதில்லை. மாதக் கணக்காக, வருடக் கணக்காகக்கூடத் தொடரும். அதனால் இதைச் சுகமான பிறகும் விட முடியாது. இன்றைக்கும் செய்கிறேன். இப்போது கச்சான் கடிக்கலாம், அப்பம் பிய்த்துத் தின்னலாம்.

---

ஸ்காபுறோ நடையன் எழுதியது:

மாஸ்டர், நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு மூண்டு விரலை வாய்க்குள்ள வைச்சுப் பாத்தனான், மனுசி வந்து என்ன நடந்தது எண்டு கேக்கிறா.

நான் பெருங்குடல் புற்றுநோய்க்காரன். இங்க கனடாவிலயும் அவுஸ்திரேலியாவிலயும் முக்கியமா நடந்த ஒரு ஆய்வின்ர முடிவு 2025 ஜூனில வந்தது, 'சலஞ்' எண்டு பேர். அதைப் பற்றித்தான் இங்க எங்கட ஆக்கள் எல்லாம் கதைக்கினம். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒப்பரேசனும் கீமோவும் முடிச்ச 889 பேரை ரண்டு பிரிவாக்கினவை. ஒரு பிரிவுக்குச் சுகாதாரப் புத்தகம் மட்டும். மற்றப் பிரிவுக்கு மூண்டு வருசம் ஒரு ஆலோசகரோட ஒழுங்கா உடற்பயிற்சி, கூடுதலான பேர் தெரிவு செய்தது வேக நடை. 5 வருசத்தில நோய் திரும்பாமலும் புதுசாப் புற்றுநோய் வராமலும் உயிரோட இருந்தவை உடற்பயிற்சிப் பிரிவில 80.3 வீதம், புத்தகப் பிரிவில 73.9 வீதம். 8 வருசத்தில உயிரோட இருந்தவை 90.3 வீதமும் 83.2 வீதமும்.

முந்தி "நடக்கிற ஆக்கள் கனகாலம் இருக்கினம்" எண்டு சொன்னால், சுகமா இருக்கிறவன்தானே நடக்கிறான் எண்டு மறுத்துச் சொல்லலாம். இது சீட்டுக் குலுக்கின மாதிரிப் பிரிச்சுச் செய்தது. அதுதான் இதின்ர பெறுமதி.

---

அளவெட்டி எழுதியது:

உப்பிடி எழுதினால் சனம் என்ன விளங்கும் தெரியுமோ? "நடந்தால் கான்சர் மாறும், கீமோ தேவையில்லை." எங்கட ஒழுங்கையில ஒருத்தர் உப்பிடித்தான் மருந்தை இடையில விட்டிட்டு ஏதோ கசாயமும் குடிச்சுக்கொண்டு விடிய விடிய நடந்தவர். இப்ப ஆள் இல்லை. எண்ணிக்கையள் போடேக்க கொஞ்சம் பாத்துப் போடுங்கோ.

---

ஸ்காபுறோ நடையன் எழுதியது:

நியாயம். அந்த 889 பேரும் ஒப்பரேசனும் கீமோவும் *முடிச்ச* ஆக்கள். ரண்டு பிரிவும் மருந்து எடுத்தவைதான். மருந்துக்கு மேல நடை சேந்ததால வந்த வித்தியாசந்தான் நான் எழுதினது. அதோட அது பெருங்குடல் புற்றுநோய்க்கு மட்டும் செய்த ஆய்வு, மார்புக்கோ நுரையீரலுக்கோ அதே எண்ணிக்கையைப் பொருத்த ஏலாது. இன்னொண்டும் சொல்லவேணும்: தசை, மூட்டுப் பிரச்சினை வந்தது உடற்பயிற்சிப் பிரிவில 18.5 வீதம், மற்றதில 11.5 வீதம். எனக்கும் முழங்கால் நொந்ததுதான்.

---

மீசாலை அக்கா எழுதியது:

நான் நேர கேக்கிறன். எங்கட பொம்பிளையளுக்கு உடற்பயிற்சி எண்டு தனிய ஒண்டு வேணுமோ? விடிய எழும்பி முத்தம் கூட்டி, கிணத்தில தண்ணி அள்ளி, தேங்காய் துருவி, உடுப்புத் தோச்சு, பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விட்டு... இதுக்கு மேல என்னத்தை நடக்கிறது?

எனக்கும் மார்பில வந்ததுதான், வலப்பக்கம். வீட்டுக்கு வந்த முதல் மாசமே குசினிக்குள்ள நிண்டனான். "உங்களுக்கென்ன, நல்லா ஓடியாடித் திரியிறியள்" எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். பிறகு கை வீங்கத் தொடங்கிச்சுது, காப்பு ஏறேல்லை. அதில இருந்து வலக்கையால ஒரு தேங்காயும் தூக்கிறேல்லை. பாரம் தூக்கினால் கூடும் எண்டு சொன்னவை. இப்ப நீங்கள் தசைப் பயிற்சி எண்டுறியள். எதை நம்புறது?

---

வடமராட்சிப் பிசியோ எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி, ரண்டாப் பிரிச்சுச் சொல்லுறன்.

வீட்டு வேலை அசைவுதான், படுத்திருக்கிறதை விட எவ்வளவோ மேல். ஆனால் அது ஒரு பக்கத்தையே பாவிக்கும், திடீரெண்டு பாரம் வரும், களைச்சாலும் நிப்பாட்ட ஏலாது. உலை கொதிச்சுக்கொண்டிருக்கும், பிள்ளை கூப்பிடும். உடற்பயிற்சியில அளவு உங்கட கையில: இண்டைக்கு இவ்வளவு, நாளைக்கு இவ்வளவு, ஏலாட்டில் நிப்பாட்டலாம். அதோட குசினி வேலையால மூச்சு அவ்வளவு கூடாது. கூட்டுறதும் அள்ளுறதும் வேகமாச் செய்தால் கணக்கில சேரும், ஆனால் மனசுக்கு அது ஓய்வாத் தெரியாதெண்டது உங்களுக்கே தெரியும்.

கை வீக்கம். நெறிக்கட்டியள் எடுத்த பிறகு நிணநீர் வடியிற பாதை குறைஞ்சு போறதாலதான் வருது. முந்தி வாழ்நாள் பூராப் பாரம் தூக்காதேங்கோ எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவை. வீக்கம் இருந்த 141 பெண்களை வைச்சு அமெரிக்காவில ஒரு வருசம் செய்த ஆய்வின்ர முடிவு 2009இல வந்தது. ஒரு பிரிவு கிழமைக்கு 2 தரம் பாரம் தூக்கிச்சுது, மிகச் சின்ன பாரத்தில தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி, கை நீளத்துக்கு இறுக்கமான கையுறை போட்டுக்கொண்டு, பழக்கின ஒருத்தற்ற மேற்பார்வையில. வீக்கம் கூடின ஆக்கள் ரண்டு பிரிவிலயும் ஏறத்தாழச் சமன், 11 வீதமும் 12 வீதமும். ஆனால் வீக்கம் திடீரெண்டு குழம்பி மோசமானது, பாரம் தூக்கின பிரிவில 14 வீதம், மற்றதில 29 வீதம். பெலன் கூடின கைக்குத் தேங்காய் ஒரு பாரமாத் தெரியாது, அதுதான் விசயம்.

அதுக்காக நாளைக்கே கிணத்தில வாளி இழுக்காதேங்கோ. முதல் வீக்கத்தை அளந்து பாக்கவேணும், கையுறை சரியா இருக்கோ எண்டு பாக்கவேணும். பிறகு அரைப் போத்தல் தண்ணியில தொடங்கலாம். கை சிவந்து, சுட்டு, நொந்தால் அது தொற்று. அப்ப பயிற்சியை நிப்பாட்டி உடன டொக்டரிட்டக் காட்டுங்கோ.

---

மீசாலை அக்கா எழுதியது:

இத்தனை வருசம் பாத்திரம் கழுவக்கூட இடக்கைதான். சரி, வாற கிளினிக்கில பிசியோவுக்குப் போக ஒரு துண்டு கேக்கிறன்.

நடை எண்டு சொல்லுறது லேசு தம்பிமாரே. கீமோவில தலைமயிர் கொட்டுண்டு, தலையில துண்டைக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில இறங்கினால் படலைக்குப் படலை விசாரணை. "எந்த இடத்தில? எத்தினையாம் கட்டம்?" எண்டு. ஒருத்தி நேரவே கேட்டாள், உங்கட மகளுக்குச் சம்பந்தம் பேசேல்லையோ எண்டு. அதுக்குப் பயந்தே நான் வெளியில இறங்கேல்லை.

---

திருநெல்வேலிப் பொடியன் எழுதியது:

அக்கா, ஒழுங்கையில படலைக்காரர் மட்டுமில்லை, நாயளும் இருக்கு. விடிய ஐஞ்சரைக்கு எங்கட ஒழுங்கைச் சந்தியில ஒரு கூட்டமே மகாநாடு வைக்கும்.

இடம் கேட்டதுக்கு: நல்லூர்க் கோயிலைச் சுத்தி விடியக் கனபேர் நடக்கினம், திருவிழா நாளைத் தவிர. றோட்டு மட்டமா இருக்கும், தனிச்சுத் தெரிய மாட்டியள். பண்ணைக் கடற்கரைப் பக்கம் பின்னேரம் காத்து நல்லம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சனக்கூட்டம், வெள்ளை அணு குறைஞ்ச கிழமையில தவிர்க்கலாம். அம்மாவை முதலே அங்க கொண்டு போகத் தேவையில்லைத்தானே. வீட்டைச் சுத்தி ஒரு பாதை துப்பரவாக்கி விடுங்கோ. நான் அப்பப்பாவுக்கு அப்பிடித்தான் செய்தனான்: கிணத்தடியால சுத்தி, மாமரத்தடியால வந்து, முன் விறாந்தையில முடியும். வழியில ரண்டு இடத்தில கதிரை போட்டு விட்டனான்.

சித்திரை, வைகாசியில ஏழரைக்குப் பிறகு வெளியில போகாதேங்கோ. தண்ணிப் போத்தல் கையில இருக்கவேணும்.

---

மட்டுவில் மாஸ்டர் எழுதியது:

நடையைப் பற்றிப் பேசுகிறபோது ஒன்று ஞாபகம் வருகிறது. தெல்லிப்பளையில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்ந்ததே ஒரு நடையில்தான். 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையில் தொடங்கி, நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிப் பருத்தித்துறை வரை 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து வந்தார்கள். வழியெல்லாம் சனம் சேர்ந்து நடந்தது. பிறகு 2016இல் பருத்தித்துறையில் தொடங்கி மறுபக்கமாகத் தெய்வேந்திரமுனைக்கு நடந்தார்கள், அது காலி கராப்பிட்டியப் புற்றுநோய்ப் பிரிவுக்காக. நடந்து சேர்த்த பணத்தில் எழும்பிய கட்டடத்துக்குள் இருந்துகொண்டு நோயாளியை நடக்கவேண்டாம் என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது.

---

காரைநகர் கடலோடி எழுதியது:

எல்லாரும் நட நட எண்டுறியள், நான் வேற மாதிரி ஒண்டு சொல்லவேணும். அப்பாவுக்கு புறொஸ்ரேற் புற்றுநோய், எலும்புக்குப் பரவியிட்டுது. இடுப்பெலும்பிலயும் முதுகிலயும். ஹோர்மோன் ஊசி போடுகினம். ஆள் தோணி தள்ளின மனுசன், சும்மா இருக்கமாட்டன் எண்டு வளவில கொத்துறார். அவருக்கும் இது பொருந்துமோ?

---

வடமராட்சிப் பிசியோ எழுதியது:

கொத்துறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. நோய் பரவின எலும்பு சின்ன முறுக்கிலயும் முறியலாம். குனிஞ்சு திருகிறது, குதிக்கிறது, பாரத்தைச் சடாரெண்டு தூக்கிறது, மூண்டும் கூடாது. எந்த எலும்பில எவ்வளவு எண்டு படம் பாத்த டொக்டரிட்ட, எது செய்யலாம், எது கூடாது எண்டு தெளிவாக் கேளுங்கோ. முதுகு நோ திடீரெண்டு கூடினால், கால் பெலமிழந்தால், விறைச்சால், சலம் மலம் கட்டுப்பாடு குழம்பினால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காதேங்கோ, அண்டைக்கே கொண்டு ஓடுங்கோ. முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுற அறிகுறி அது.

ஆனால் படுக்கையிலயும் போடாதேங்கோ. ஹோர்மோன் ஊசி தசையையும் எலும்பையும் மெலியப் பண்ணும், அதால அவருக்கு அசைவு இன்னும் தேவை. டொக்டர் ஓம் எண்டால் மட்டமான நிலத்தில நடை, கதிரையில இருந்தபடி கால் நீட்டி மடக்கிறது, இதுகளில தொடங்கலாம். தோணிக்காரருக்குப் பொழுதுபோக வேற ஏதாவது குடுங்கோ. வலை பொத்தத் தெரியுமெண்டால் அது நல்ல வேலை.

---

ஆச்சிமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பிசியோ அண்ணா எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். "இன்ரநெற்றில ஆரும் எதையும் எழுதுவினம், கிளினிக் கொப்பியில எழுதியிருக்கோ?" எண்டு கேட்டார். அவருக்குக் கொப்பியில எழுதாதது ஒண்டும் உண்மையில்லை. ஆனால் மாஸ்டரின்ர குச்சிக் கதையை ரண்டு தரம் வாசிக்கச் சொன்னவர்.

பின்னேரம் அம்மா தானா எழும்பி விறாந்தையில நடந்தா. அப்பா பின்னால கதிரையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சார், விழுந்தால் இருத்திறதுக்காம்.

ரண்டு விசயம் இன்னும் கேக்கவேணும். ஒண்டு, அடுத்த கீமோவில இருந்து மருந்து மாறுதாம், பக்லிரக்சல் எண்டு சொன்னவை. அதுக்கு வேற கவனம் வேணுமோ? மற்றது அந்த நேத்தி.

---

வடமராட்சிப் பிசியோ எழுதியது:

கிளினிக்கில இப்பிடிக் கேளுங்கோ: "அம்மா நடக்கலாம் எண்டு சொன்னனீங்கள், ரத்த ரிப்போட்டைப் பாத்து எவ்வளவு எண்டு கொப்பியில எழுதித் தாங்கோ, பிசியோவுக்கும் ஒரு துண்டு தாங்கோ." கீமோ மருந்து சிலது இருதயத்தைத் தாக்கும், அதால எக்கோ எண்டுற இருதய ஸ்கான் எடுத்திருந்தால் அதையும் காட்டிக் கேளுங்கோ. கூட்டமாத்தான் இருக்கும், ஆனால் ஒரு வரி எழுத அரை நிமிசம் போதும்.

பக்லிரக்சல் கால் விரல், கை விரல் நுனியளை விறைக்கப் பண்ணலாம். அப்பிடி விறைச்சால் நெருஞ்சி முள் குத்தினாலும் தெரியாது, கொதிக்கிற மண்ணில நிண்டாலும் தெரியாது. பாத்றூம் செருப்போட நடக்கக் கூடாது, அது கழண்டு தடக்கும். குதியைப் பிடிக்கிற சப்பாத்து வேணும். ஒவ்வொரு இரவும் நீங்களே அவவின்ர உள்ளங்காலைப் பாருங்கோ.

நேத்தி பற்றி. அடி அழிக்கிறதெண்டால் ஒவ்வொரு அடிக்கும் விழுந்து எழும்பிறது. கீமோவுக்கிடையில, கமக்கட்டில நெறி எடுத்த கையை மண்ணில ஊண்டி ஊண்டி, திருவிழாச் சனத்துக்குள்ள. கையில ஒரு உரசல் போதும் தொற்று வர, தொற்றுக்குப் பிறகு வீக்கம். இந்த வருசம் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

---

மீசாலை அக்கா எழுதியது:

அதை அவவோட நான் கதைக்கட்டோ தங்கச்சி? எனக்கும் அதே நேத்தி இருந்தது. ஐயரிட்டக் கேட்டனான், சுகமானாப் பிறகு எந்த வருசமும் செய்யலாம், நேத்தி காத்திருக்கும் எண்டவர். இந்த முறை விடியப் பூசைக்குச் சனம் வர முதல் போய் ஒரு சுத்து நடந்து கும்பிட்டிட்டு வரச் சொல்லுவம். தனிமடலில நம்பர் போடுங்கோ. இருபத்தைஞ்சு நாள் திருவிழாவில ஒரு நாள் நானும் அவவோட வாறன். எனக்கும் ஆள் துணை வேணுந்தானே, படலைக்காரருக்குப் பதில் சொல்ல.

---

சுன்னாகத்தான் எழுதியது:

வெறுங்காலோடதானே கோயில் வீதியில போகவேணும். விறைச்ச கால் எண்டால் மண் குளிராயிருக்கேக்க, ஆறரைக்கு முதல் வெளிக்கிட்டு வந்திடுங்கோ. ஆட்டுக்கால் சூப்பை நான் இன்னும் கைவிடேல்லை.

---

ஸ்காபுறோ நடையன் எழுதியது:

ஆச்சிமகள், சப்பாத்து நான் அனுப்புறன். அடுத்த மாதம் மச்சான் யாழ்ப்பாணம் வாறான், அவனிட்டக் குடுத்து விடலாம். அம்மா நிக்கேக்க ஒரு பேப்பரில ரண்டு காலையும் சுத்தி வரைஞ்சு படம் எடுத்துப் போடுங்கோ. விடிய வேண்டாம், பின்னேரம் வரையுங்கோ, கால் வீங்கியிருக்கிற நேரத்து அளவுதான் வேணும்.

---

ஆச்சிமகள் எழுதியது:

அண்ணா, வேண்டாம் எண்டு சொல்ல வந்தனான், அம்மா பின்னால நிண்டு வாசிச்சுப்போட்டு கறுப்பு நிறமெண்டால் ஊத்தை தெரியாது எண்டுறா. பின்னேரம் வரைஞ்சு அனுப்புறன்.